12,000 ரூபாய்க்குள் வீட்டுக்கு ஒரு நாஸ் பெட்டி: பழசை வாங்கலாமா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். வீட்டில் நான்கு பேர். போன்களிலும் இரண்டு லேப்டாப்பிலும் சிதறிக் கிடக்கும் படங்களும் வீடியோக்களும் சேர்ந்து ஒன்றரை டெராபைட்டைத் தாண்டிவிட்டன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து, யார் வேண்டுமானாலும் போனிலோ டிவியிலோ பார்க்கும்படி ஒரு நாஸ் பெட்டி, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி, வேண்டும். கையில் இருப்பது 12,000 ரூபாய். ஓஎல்எக்ஸில் ஒருவர் இரண்டு டிஸ்க் போடும், சினாலஜி நிறுவனத்தின் பழைய டிஎஸ்212ஜே பெட்டியை, டிஸ்க் இல்லாமல், 4,500-க்குத் தருகிறேன் என்கிறார். பழைய கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றிய இரண்டு 2 டெராபைட் டிஸ்குகள் உங்களிடமே இருக்கின்றன. அவற்றைப் போட்டு, இரண்டிலும் ஒரே நகல் எழுதும்படி மிரர் செய்துவிட்டால் பேக்கப் கவலையும் தீர்ந்தது, சரிதானா என்று கேட்கிறீர்கள்.

கேள்வி பெட்டியின் விலையைப் பற்றியது போலத் தெரிகிறது. ஆனால் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன என்று நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். நான் 16 வருடமாகச் சென்னையில் சின்ன அலுவலகங்களுக்கும் போட்டோ ஸ்டூடியோக்களுக்கும் சர்வர், ஸ்டோரேஜ் அமைத்துக் கொடுத்து வருகிறேன். இரண்டு டிஸ்க், நான்கு டிஸ்க் பெட்டிகள்தான் என் கைக்குப் பழக்கம். சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் அந்தப் பெட்டி இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்பதை நேரில் பார்த்தாலும் என்னால் சொல்ல முடியாது. அந்த விலைக்கு அது தேறுமா என்பதைச் சொல்ல முடியும். தேறாது.

காரணம் அதன் பெயரிலேயே இருக்கிறது. சினாலஜி மாடல் எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் அந்த மாடல் எந்த ஆண்டு வரிசை என்பதைக் காட்டும். அதற்கு முன்னால் வரும் எண் அதிகபட்சம் எத்தனை டிஸ்க் என்பது. டிஎஸ்212ஜே என்றால் இரண்டு டிஸ்க், 2012 வரிசை. கடைசியில் வரும் ஜே இருப்பதிலேயே எளிய ரகம், பிளஸ் போட்டிருந்தால் பலமான ரகம். இந்த 212ஜே-க்குள் இருப்பது 256 எம்பி ராம். அது கூடப் பெரிய குறையில்லை, கோப்பை எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு அது போதும். குறை மென்பொருளில் இருக்கிறது. 2012 வரிசைப் பெட்டிகள் சினாலஜியின் இயங்குதளமான டிஎஸ்எம்-இன் 6.2 பதிப்புடன் நின்றுவிட்டன, 7 அதில் ஏறாது. 6.2-க்கான பாதுகாப்பு அப்டேட்டும் 2024-ல் முடிந்துவிட்டது. இனி அதில் எந்த ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் அடைக்க ஆள் கிடையாது.

ஒரு நாஸ் பெட்டி என்பது திரையும் கீபோர்டும் இல்லாத ஒரு குட்டி லினக்ஸ் கம்ப்யூட்டர். வருடம் முழுக்க அணையாமல், நெட்டில் இணைந்தபடியே, உங்கள் வீட்டுப் படங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதனால்தான் அப்டேட்டைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன். நடந்ததைச் சொன்னால் புரியும். 2014 ஆகஸ்டில் சினோலாக்கர் என்ற மால்வேர் சினாலஜி பெட்டிகளில் புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டைக்கு 2013 டிசம்பரிலேயே நிறுவனம் அப்டேட் கொடுத்திருந்தது. போட்டவர்கள் தப்பித்தார்கள். 2021 ஏப்ரலில் கியூநாப் என்ற இன்னொரு நிறுவனத்தின் பெட்டிகளில் கியூலாக்கர் என்ற மால்வேர் வந்து, கோப்புகளைப் பாஸ்வேர்டு போட்ட 7-ஜிப் கோப்புகளாக மாற்றி வைத்தது. அதே ஆண்டு ஜூனில் டபிள்யூடி நிறுவனத்தின் மை புக் லைவ் பெட்டி வைத்திருந்தவர்கள் காலையில் எழுந்து பார்த்தால் டிஸ்க் காலி. யாரோ எங்கிருந்தோ ஃபேக்டரி ரீசெட் செய்திருந்தார்கள். அந்த மாடலுக்கு 2015-லேயே அப்டேட் நின்றுபோயிருந்தது. 2024 ஏப்ரலில் டிலிங்கின் டிஎன்எஸ்-320எல், டிஎன்எஸ்-325 போன்ற பழைய பெட்டிகளில் தயாரிப்பிலேயே பதிந்துபோன ஒரு ரகசியக் கணக்கு இருப்பது வெளியே வந்தது. அவை ஆயுள் முடிந்த மாடல்கள், அப்டேட் கிடையாது, வேறு பெட்டிக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று நிறுவனமே சொல்லிவிட்டது. இன்றைக்கும் பழைய பொருள் சந்தையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இந்த வகைப் பெட்டிகள்தான்.

பழைய பெட்டிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. ரொம்பப் பழைய சில பெட்டிகளுக்கு எஸ்எம்பி 1 என்ற பழைய முறையில் மட்டும்தான் கோப்பு பகிரத் தெரியும். 2017-ல் வான்னாக்ரை என்ற மால்வேர் பரவியது அந்த வழியாகத்தான். அந்த ஆண்டு கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதைத் தானாக நிறுவுவதை நிறுத்திவிட்டது. விளைவு, பெட்டியை வாங்கி வந்து இணைத்தால் லேப்டாப்பில் அது தெரியவே தெரியாது. யாராவது எஸ்எம்பி 1-ஐ ஆன் செய்யச் சொல்லி வழி காட்டுவார்கள். செய்யாதீர்கள். பழைய பெட்டிகள் சிலவற்றில் 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க் ஏறாது. வாங்குவதற்கு முன் தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலின் பக்கத்தைத் திறந்து இரண்டு விஷயம் பாருங்கள்: கடைசி அப்டேட் எந்த மாதம் வந்தது, எந்த அளவு டிஸ்க் வரை ஏற்கும். ஐந்து நிமிட வேலை. இதிலேயே பாதிப் பெட்டிகள் கழிந்துவிடும்.

சரி, எதைத் தேடலாம்? புதிதாக வாங்குவது என்றால் பெயருள்ள கம்பெனியின் இரண்டு டிஸ்க் வெற்றுப் பெட்டிக்கே உங்கள் தொகை போதாது. பழையதில், நான் உங்கள் இடத்தில் இருந்தால் டிஎஸ்218 கிடைக்குமா என்று காத்திருப்பேன். 2 ஜிபி ராம், நான்கு கோர் பிராசஸர், டிஎஸ்எம் 7 ஓடும். கிடைக்காவிட்டால் 218ஜே, 220ஜே. இவை இரண்டிலும் 512 எம்பிதான். படங்களைப் போட்டு எடுக்கப் போதும், ஆனால் முகம் பார்த்துப் படங்களைப் பிரிப்பது போன்ற கனமான வேலைக்கு இவற்றை நம்பாதீர்கள். 218 பிளஸ் கண்ணில் பட்டால் விடாதீர்கள், அதில் இன்டெல் பிராசஸர், ராமும் கூட்டலாம். கியூநாப், அசஸ்டர், டெராமாஸ்டர் பெட்டிகளும் பொருளில் குறைந்தவை இல்லை. என் அனுபவம் சினாலஜியில் அதிகம் என்பதால் அதன் மாடல்களைச் சொல்கிறேன், அவ்வளவுதான். நான்கு டிஸ்க் பெட்டி சில சமயம் இரண்டு டிஸ்க் விலைக்கே வரும். அலுவலகங்கள் காலி செய்யும்போது மொத்தமாகத் தள்ளிவிடுவார்கள். அப்படி வரும் டிஎஸ்415 பிளஸ், 1515 பிளஸ், 1815 பிளஸ் மூன்றிலும் ஒரு எச்சரிக்கை. அவற்றில் இருப்பது இன்டெல் ஆட்டம் சி2000 வகைச் சில்லு. அதன் கடிகாரச் சுற்று நாளடைவில் செத்துப்போகும் குறை இருப்பது 2017-ல் வெளியே வந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பெட்டி ஒருநாள் அணைத்துப் போட்டால் எழுந்திருக்காது. சால்டரிங் தெரிந்தவர்கள் ஒரு 100 ஓம் ரெசிஸ்டரை வைத்துப் பிழைக்க வைக்கிறார்கள். அந்த வேலை தெரியாதவர் அந்த மூன்றையும் தொடாமல் இருப்பது நல்லது.

விற்பவர் வீட்டுக்குப் போகும்போது ஒரு லேப்டாப், ஒரு லேன் கேபிள், அழிந்தாலும் பரவாயில்லை என்கிற ஒரு டிஸ்க், இந்த மூன்றையும் கொண்டுபோங்கள். டிஸ்க் எதற்கு என்றால், சினாலஜி பெட்டியில் இயங்குதளம் டிஸ்கில்தான் உட்காரும். டிஸ்க் இல்லாத பெட்டியை ஆன் செய்தால் விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அதை மட்டும் காட்டி 'ஒர்க்கிங் கண்டிஷன்' என்று விற்பவர்கள் உண்டு. உங்கள் டிஸ்கை முதல் அறையில் போட்டு நிறுவிப் பாருங்கள், பிறகு இரண்டாவது அறைக்கு மாற்றிப் பாருங்கள். இரண்டாவது அறையின் கனெக்டர் செத்துப்போன ஒரு பெட்டியை நானே ஒருமுறை அவசரத்தில் வாங்கியிருக்கிறேன். அப்புறம் ஒரு பெரிய வீடியோவை, 10 ஜிபி இருந்தால் நல்லது, உள்ளே போட்டு வெளியே எடுங்கள். கிகாபிட் இணைப்பில் வினாடிக்கு 100 எம்பிக்கு அருகில் வர வேண்டும். 11, 12-இலேயே நின்றால் எங்கோ 100 மெகாபிட்டில் இணைந்திருக்கிறது. கேபிளாகவும் இருக்கலாம், பெட்டியின் போர்ட்டாகவும் இருக்கலாம். வேறு கேபிள் போட்டும் அப்படியே இருந்தால் வாங்க வேண்டாம்.

அடாப்டரைக் கவனமாகப் பாருங்கள். இந்தப் பெட்டிகளில் முதலில் போவது பெரும்பாலும் அதுதான். பெட்டியின் அடியில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவும் அடாப்டரில் இருப்பதும் பொருந்துகிறதா என்று பாருங்கள். வோல்ட் ஒன்றாக இருந்து ஆம்பியர் குறைந்தால், ஒரு டிஸ்கோடு ஓடும் பெட்டி இரண்டாவது டிஸ்க் சுழலத் தொடங்கும்போது அணைந்து அணைந்து எரியும். அசல் அடாப்டர் இல்லை, லேப்டாப் சார்ஜர் தருகிறேன் என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், நல்ல அடாப்டர் தனியாக வாங்க வேண்டியிருக்கும். டிஸ்க் வைக்கும் தட்டு இரண்டும் இருக்கிறதா என்றும் பாருங்கள், தனியாகக் கிடைப்பது கஷ்டம். ஃபேன் சத்தம் போட்டால் கவலைப்பட வேண்டாம், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் அதே அளவு ஃபேன் கிடைக்கும்.

பழைய நாஸ் பெட்டிகளில் எனக்குப் பிடித்த ஒரு நல்ல குணத்தையும் சொல்ல வேண்டும். சினாலஜி, கியூநாப் இரண்டும் லினக்ஸின் சாதாரண ரெய்டு முறையைத்தான், அதாவது பல டிஸ்குகளைச் சேர்த்து ஓட்டும் முறையைத்தான், உள்ளே பயன்படுத்துகின்றன. சினாலஜி பெட்டி செத்துப்போனாலும் டிஸ்கைக் கழற்றி, உபுண்டு போட்ட ஒரு கம்ப்யூட்டரில் இணைத்து, படங்களை எடுத்துவிடலாம். சினாலஜியே அதற்கு வழிமுறை வெளியிட்டிருக்கிறது. எல்லாப் பெட்டிக்கும் இது பொருந்தாது. முன்பு சொன்ன மை புக் லைவில் டிஸ்க் வேறுவிதமாகப் பகுக்கப்பட்டிருக்கும், சாதாரண லினக்ஸ் அதை நேரடியாகத் திறக்காது. பெயர் தெரியாத மலிவுப் பெட்டிகளில் சில, உள்ளிருக்கும் ஒரு சில்லின் சொந்த முறையில் ரெய்டு செய்யும். பெட்டி போனால் அதே மாதிரி இன்னொரு பெட்டியைத் தேடி அலைய வேண்டும். இரண்டு டிஸ்கைச் செருகி மிரர் செய்யும் யூஎஸ்பி டாக் சிலவற்றிலும் இதே சிக்கல். மலிவு என்று பார்த்து இந்த இடத்தில் சிக்கிக்கொண்ட இரண்டு ஸ்டூடியோக்காரர்களை எனக்குத் தெரியும்.

பெட்டியே வேண்டாம், பழைய கம்ப்யூட்டரை நாஸ் ஆக்கலாமே என்று சிலர் உங்களுக்குச் சொல்லக்கூடும். அது நல்ல யோசனை, நானும் பல இடங்களில் செய்திருக்கிறேன். அலுவலகங்கள் குத்தகை முடிந்து கழிக்கும் டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க் வகைக் கம்ப்யூட்டர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. உள்ளங்கை அளவு இருக்கும் மினியை வாங்காதீர்கள், அதில் 3.5 அங்குல டிஸ்க் வைக்க இடமில்லை. இரண்டு டிஸ்க் உள்ளே உட்காரும் டவரைப் பாருங்கள். அதில் ஓபன் மீடியா வால்ட் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் நாஸ் தயார். அப்டேட் நின்றுபோகும் பயமும் இல்லை, அது டெபியன் லினக்ஸின் மேல் கட்டியது. எச்பி மைக்ரோசர்வர் என்று நான்கு டிஸ்க் போடும் குட்டி சர்வர் ஒன்று வந்தது, என்40எல், என்54எல் மாடல்கள். வீட்டு நாஸ் பிரியர்கள் ஒரு காலத்தில் அதைத்தான் தேடித் தேடி வாங்கினார்கள். இன்றும் கிடைத்தால் வாங்கலாம், ஆனால் வயதாகிவிட்டது.

இதில் கணக்குப் பார்க்க வேண்டியது மின்சாரம். இரண்டு டிஸ்கோடு ஒரு சின்ன நாஸ் பெட்டி ஏறத்தாழ 15 வாட் இழுக்கும். 60 நாளுக்குக் கிட்டத்தட்ட 22 யூனிட். ஒரு பழைய டவர் 50 வாட் இழுத்தால் அதே 60 நாளில் 72 யூனிட். இரண்டுக்கும் 50 யூனிட் வித்தியாசம். தமிழ்நாட்டில் இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கோடையில் ஏசி போட்டு அந்த எல்லையின் ஓரத்தில் நிற்கும் வீடு என்றால், இலவசமாகக் கிடைத்த கம்ப்யூட்டர் கூட விலை உயர்ந்ததாகிவிடும். உங்கள் வீட்டு பில் 300-ஐத் தாண்டாது என்றால் தாராளமாக டவர் வைக்கலாம். ராஸ்பெரி பை 4 மின்சாரத்தில் மிகச் சிக்கனம், உண்மையான கிகாபிட்டும் யூஎஸ்பி 3-ம் இருக்கின்றன. ஆனால் டிஸ்கை யூஎஸ்பி வழியாக இணைத்து இரவு பகல் ஓட்டும்போது இணைப்பு திடீரென விட்டுப்போகும் தொல்லையை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். ஒரு டிஸ்க் வைத்து ஓட்டலாம், யூஎஸ்பியில் மிரர் செய்வதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

இப்போது உங்கள் இரண்டு பழைய டிஸ்குகள். பெட்டியில் எவ்வளவு பேரம் பேசினாலும் எனக்குச் சம்மதம். பெட்டி போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். டிஸ்கில் கொஞ்சம் யோசியுங்கள். முதலில் விண்டோஸில் கிறிஸ்டல் டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு, டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தை இரண்டிலும் பாருங்கள். மாற்றி எழுதிய செக்டர்கள் (செக்டர் என்பது டிஸ்கின் ஒரு சின்னத் துண்டு), நிலுவையில் உள்ள செக்டர்கள், திருத்த முடியாத செக்டர்கள், அதாவது 5, 197, 198 என்ற எண் போட்ட வரிகள், மூன்றிலும் பூஜ்யம் இருக்க வேண்டும். அதில் வரும் எண்கள் பதினாறின் அடிமானத்தில், A, B போன்ற எழுத்துகள் கலந்து, இருந்தால் மெனுவில் பத்தின் அடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 197-ல் ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்த டிஸ்கில் குடும்பப் படத்தை வைக்காதீர்கள். 9 என்ற வரி எத்தனை மணி நேரம் ஓடியது என்பது. ஒரு வருடத்துக்கு 8,760 மணி. 40,000-ஐத் தாண்டியிருந்தால் நான் அதை முதன்மை டிஸ்காக வைக்க மாட்டேன். இந்த 40,000 என் சொந்தக் கணக்கு, விஞ்ஞானம் இல்லை. 70,000 மணி ஓடியும் நன்றாக இருக்கும் டிஸ்க் என் மேசையிலேயே இருக்கிறது. மூன்றே மாதத்தில் போன புது டிஸ்கையும் பார்த்திருக்கிறேன். பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன்னிடம் ஓடும் லட்சக்கணக்கான டிஸ்குகளின் கணக்கை வெளியிடுகிறது. 2024-ல் அவர்களிடம் வருடத்துக்கு 1.57 சதவீதம் பழுதாகியிருக்கின்றன. அது குளிரூட்டிய டேட்டா சென்டர். மே மாதம் டிவி ஸ்டாண்டுக்குள் அடைத்து வைத்த பெட்டிக்கு அதே எண்ணை எதிர்பார்க்க முடியாது.

மலிவாக 'புதிய' பெரிய டிஸ்க் கிடைக்கிறது என்று ஆசை வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் ஒரு மோசடி வெளியே வந்தது. பல ஆயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்குகளின் ஸ்மார்ட் கணக்கைப் பூஜ்யமாக்கி, புதியது என்று கடைகள் வழியாகவே விற்றிருக்கிறார்கள். ஃபார்ம் என்ற இன்னொரு உள்கணக்கை அவர்கள் அழிக்காததால் பிடிபட்டது. லினக்ஸில் ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற கருவியின் 7.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால் சீகேட் டிஸ்கில் அந்தக் கணக்கையும் படிக்கலாம். வாரண்டி கேட்டு, பில் வாங்கி, சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

எஸ்எம்ஆர் பற்றியும் உங்களுக்கு யாராவது சொல்லிப் பயமுறுத்தியிருக்கலாம். தடங்களை ஓட்டு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி எழுதும் டிஸ்க் அது. படிப்பது வேகம், நிறைய எழுதும்போது இழுக்கும். 2020-ல் டபிள்யூடி ரெட் 2 முதல் 6 டெராபைட் வரையிலான நாஸ் டிஸ்குகளில் சொல்லாமல் இதைப் புகுத்தியது தெரிந்து பெரிய சர்ச்சையானது. அதன் பிறகுதான் பழைய முறை டிஸ்குகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வைத்தார்கள். இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறையைப் போடுபவர்கள் எஸ்எம்ஆரைத் தவிர்க்கத்தான் வேண்டும். உங்களைப் போல இரண்டு டிஸ்க் மிரரில் படம் சேமிப்பவருக்கு அது ஓடும். ஒரு டிஸ்கை மாற்றும்போது நகலெடுக்க ஒரு நாளுக்கு மேல் ஆகலாம், அவ்வளவுதான். கையில் இருப்பது எஸ்எம்ஆர் என்பதற்காக மட்டும் தூக்கிப் போடாதீர்கள்.

நீங்கள் கேட்டதிலேயே என்னைக் கவலைப்பட வைத்தது மிரர் செய்தால் பேக்கப் ஆகிவிடும் என்ற வரிதான். மிரர் ஒரு டிஸ்க் பழுதானால் காப்பாற்றும். மகன் தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்கிலும் ஒரே நொடியில் அழியும். மால்வேர் பூட்டினாலும் இரண்டும் பூட்டிக்கொள்ளும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எனக்கு வேண்டிய ஒரு போட்டோகிராபரின் தரைத்தள ஸ்டூடியோவில் மேசைக்கு அடியில் பெட்டி இருந்தது, மிரர் செய்தது, நல்ல டிஸ்க். தண்ணீர் வடிந்து நாங்கள் உள்ளே போனபோது தட்டுகளைத் திறந்தால் சேறு. அவரிடம் அன்று மிஞ்சியது, திருவண்ணாமலையில் தங்கை வீட்டில் கொடுத்து வைத்திருந்த ஒரு பழைய போர்ட்டபிள் டிஸ்க் மட்டும்தான். எட்டு மாதமாக அதில் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. அந்த எட்டு மாதத்தில் எடுத்த கல்யாணங்கள் போயே போய்விட்டன. மற்றவை இருந்தன. அன்றிலிருந்து யார் நாஸ் கேட்டாலும் இரண்டாவது நகல் எங்கே இருக்கப்போகிறது என்றுதான் முதலில் கேட்கிறேன்.

ஆகவே உங்கள் 12,000-ஐ நான் இப்படிப் பிரிப்பேன். முதலில் ஒரு 2 டெராபைட் போர்ட்டபிள் யூஎஸ்பி டிஸ்க், புதியது, வாரண்டியோடு. எல்லாப் படங்களையும் இந்த வாரமே அதில் போட்டு, அலமாரியில் வைக்காமல் உறவினர் வீட்டில் கொடுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்கி வந்து புதியதைச் சேருங்கள். மிச்சப் பணத்துக்குப் பெட்டி தேடுங்கள். உடனே அமையாவிட்டால் காத்திருங்கள். அதுவரை உங்கள் ரவுட்டரில் யூஎஸ்பி போர்ட் இருந்தால், இரண்டு பழைய டிஸ்குகளில் ஸ்மார்ட் சுத்தமாக இருக்கும் ஒன்றை, தனியாக அடாப்டர் உள்ள ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டு அதில் செருகிப் பாருங்கள். மெதுவாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டில் எல்லாரும் ஒரே இடத்தில் படம் பார்க்கும் வசதி உங்களுக்கு உண்மையில் எவ்வளவு பயன்படுகிறது என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். சில வீடுகளில் அதுவே போதும் என்று முடிந்திருக்கிறது.

பெட்டி வந்த பிறகு செய்ய வேண்டியவை சில. ஃபைபர் இணைப்போடு தரும் மோடம் சிலவற்றில் ஒரு போர்ட் மட்டும்தான் கிகாபிட், மற்றவை 100 மெகாபிட். பெட்டியை அந்தக் கிகாபிட் போர்ட்டில் இணையுங்கள். ஒன்றரை டெராபைட்டை முதல் தடவை ஏற்ற கிகாபிட்டில் நான்கு மணி நேரம் போதும், 100 மெகாபிட்டில் ஒன்றரை நாள் ஆகும். கரண்ட் போய் வந்தால் பெட்டி அணைந்து எழும்பக் கூடாது. எழுதிக்கொண்டிருக்கும்போது அணைந்தால் கோப்பு முறையே கெடலாம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பின்னால் இருக்கும் சுவிட்சை யூபிஎஸ் பக்கம் வையுங்கள், மாறும் நேரம் குறையும். பெரும்பாலான பெட்டிகள் அதைத் தாங்கிவிடுகின்றன. உங்களுடையது தாங்குமா என்பதை, முக்கியமான கோப்பு எதையும் ஏற்றுவதற்கு முன், மெயினை அணைத்துப் பார்த்தால்தான் தெரியும். தாங்காவிட்டால் யூஎஸ்பி கேபிள் உள்ள ஒரு சின்ன யூபிஎஸ் வாங்குங்கள், பேட்டரி குறையும்போது பெட்டி தானாகவே ஒழுங்காக அணைந்துகொள்ளும்.

வெளியூரிலிருந்து படம் பார்க்க வேண்டும் என்று ரவுட்டரில் போர்ட் திறந்து, அதாவது நெட்டிலிருந்து நேராகப் பெட்டிக்கு வழி விட்டு, வைக்காதீர்கள். மேலே சொன்ன மால்வேர்கள் எல்லாம் நெட்டுக்குத் திறந்து கிடந்த பெட்டிகளைத் தேடித்தான் வந்தன. இங்கே பல ஃபைபர் இணைப்புகளில் பொது ஐபி, அதாவது வெளியிலிருந்து உங்கள் வீட்டை எட்டும் முகவரி, தனியாகத் தருவதில்லை என்பதால் போர்ட் திறந்தாலும் வேலை செய்யாது. டெயில்ஸ்கேல் என்ற செயலியைப் பெட்டியிலும் போன்களிலும் போட்டால் வெளியிலிருந்து பத்திரமாக உள்ளே வரலாம். டிஎஸ்எம் 7 ஓடும் பெட்டிகளில் அது ஏறும், வீட்டு உபயோகத்துக்கு இலவசம். ரவுட்டரில் யூபிஎன்பி என்ற அமைப்பையும் அணைத்து விடுங்கள், உங்களைக் கேட்காமலே போர்ட் திறக்க விடுவது அதுதான்.

212ஜே விற்பவரிடம் 1,500-க்குத் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள். தந்தால் வாங்கலாம், ஆனால் ஒரு நிபந்தனை: அதை நெட்டோடு பேசவிடாமல், ரவுட்டரில் அதன் இணைய அணுக்கத்தைத் தடுத்து, வீட்டுக்குள் மட்டும் இரண்டாவது நகல் வைக்கும் பெட்டியாக வையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை ஆன் செய்து நகலெடுத்து அணைத்துவிடும் வேலைக்கு அது நன்றாகவே உழைக்கும். முதன்மைப் பெட்டியாக வேண்டாம். வேறு ஏதாவது மாடல் கண்ணில் பட்டால், பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலிருந்து மாடல் பெயரையும், உங்கள் இரண்டு டிஸ்கின் 5, 9, 197, 198 வரிகளில் இருக்கும் எண்களையும் இங்கே எழுதுங்கள். சீரியல் எண்ணைப் போட வேண்டாம். பார்த்துச் சொல்கிறேன்.